இந்தக் குடுவையில் இருப்பது யாருடைய செல்?

செல் வளர்க்கும் அறைக்குப் போகுமுன் செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு தனியாக வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு, கையுறை, தலைக்கு வலைத்தொப்பி. கையுறையின் மேலும் ஆல்கஹால் தெளித்துத் தேய்த்துக்கொள்ளச் சொன்னார் ஆய்வு மாணவி.

"எழுபது பர்சென்ட் மேடம். சுத்த ஆல்கஹால் இன்னும் நல்லா வேலை செய்யும்னு தோணும். ஆனா அது கிருமியோட மேல்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கிட்டு ஆவியாயிடும். தண்ணி கலந்திருந்தாதான் உள்ள வரைக்கும் போகும்."

தென்சென்னையில் இருக்கும் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனம் இது. புற்றுநோய் செல்கள் எந்த மருந்துக்கு அடங்குகின்றன, எப்போது அடங்க மறுக்கின்றன என்பதுதான் இந்தத் தளத்தில் நடக்கும் ஆய்வு. அழைத்து வந்த பேராசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஆட்கள் அதிகம் சேரக்கூடாதாம். முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் அந்த மாணவியிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மனித செல்லை உடலுக்கு வெளியே எப்படி உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் என் கண் திரும்பத் திரும்பப் போனது குடுவைகளின் மேல் எழுதியிருந்த எழுத்துகளுக்குத்தான். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் செல்லின் பெயர், எத்தனையாவது முறையாகப் பிரித்து வளர்க்கிறார்கள் என்ற எண், தேதி, பிரித்தவரின் பெயரெழுத்து. இந்த நான்கில் ஒன்று இல்லாத குடுவையை யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொட்டிவிடலாம் என்பது இந்த அறையின் சட்டம். கொஞ்சம் கறாரான சட்டமாகத்தான் முதலில் பட்டது. அதன் பின்னால் எழுபது ஆண்டுக் கதை இருப்பது போகப் போகப் புரிந்தது.

வேலை நடப்பது கண்ணாடி முகப்பு வைத்த ஒரு பெட்டிக்குள். "ஹூட்" என்கிறார்கள். வடிகட்டிய காற்று மேலிருந்து திரைபோல் இறங்கிக்கொண்டே இருக்கும். 0.3 மைக்ரான் அளவுத் தூசியில் 99.97 சதவீதத்தை அந்த வடிகட்டி பிடித்துவிடும். மாணவி கைகளை உள்ளே நுழைத்து உட்கார்ந்தார். திறந்த புட்டிக்கு மேலாக அவர் கை ஒருபோதும் கடக்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு மூன்று வகைக் குடுவைகள் காத்திருந்தாலும் ஹூட்டுக்குள் ஒரு வகை மட்டுமே இருந்தது. அது முடிந்து, மேடையைத் துடைத்து, சற்று இடைவெளி விட்ட பிறகே அடுத்தது. ஒவ்வொரு வகை செல்லுக்கும் ஊட்டத் திரவம் தனிப் புட்டியில். பெரிய புட்டியிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே கிடையாது.

"ஹீலாவைக் கடைசியாத்தான் எடுப்போம் மேடம். அது உள்ள வந்துட்டா, அன்னைக்கு அதுக்கப்புறம் வேற எதையும் தொட மாட்டோம்."

கடைசியாக அது வந்தது. பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, உப்புக் கரைசலால் ஒருமுறை அலசி, சில துளி டிரிப்சின் விட்டார். நம் குடலில் புரதத்தைச் செரிக்க உதவும் நொதிதான் டிரிப்சின். குடுவையின் தரையில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் புரதப் பிடிமானத்தை அது அறுத்துவிடுகிறது. சில நிமிடம் 37 டிகிரியில் வைத்து எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். லென்ஸ் கீழேயிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் வகை நுண்ணோக்கி அது. தரையோடு தரையாகப் பரந்து மூலை மூலையாக நீண்டிருந்த செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, உருண்டு, ஒளிவளையம் சூழ்ந்த மணிகளாகி மிதக்க ஆரம்பித்தன. ஒரு மணியின் குறுக்களவு ஏறத்தாழ 20 மைக்ரான். ஐம்பது மணிகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். நேரம் தவறினால் டிரிப்சின் செல்லையே அரித்துவிடும் என்பதால் உடனே சீரம் கலந்த திரவத்தை ஊற்றி அதை நிறுத்தினார். எண்ணிப் பார்த்து, கொஞ்சத்தைப் புதிய குடுவைக்கு மாற்றினார். ஒரு நாளில் இவை இரு மடங்காகிவிடும்.

இந்த செல்கள் ஒரு பெண்ணுடையவை. பெயர் ஹென்ரியட்டா லாக்ஸ். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புகையிலை வயலில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அவர் வந்தபோது கருப்பைவாயில் கட்டி இருந்தது. சிகிச்சையின்போது கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, அதே வளாகத்தில் ஜார்ஜ் கை நடத்திய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே அன்று இல்லை. மேரி குபிசெக் என்ற உதவியாளர் துணுக்கைச் சிறுசிறு துண்டாக்கிக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, பெயரின் முதல் எழுத்துகளையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து "ஹீலா" என்று எழுதினார். அதுவரை அந்த ஆய்வகத்துக்கு வந்த மனித செல்கள் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ மடிந்துபோயின. இவை மடியவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ஹென்ரியட்டா இறந்தார். வயது 31.

ஜார்ஜ் கை அந்த செல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். போலியோ தடுப்பூசி சோதனைக்காக டஸ்கீகி நிறுவனத்தில் அவற்றைப் பெருமளவில் வளர்த்தார்கள். பின்னர் விற்பனைச் சரக்காகி உலகெங்கும் போயின. ஹென்ரியட்டாவின் பிள்ளைகளுக்கு இந்த விவரம் 1970களில்தான் தெரிந்தது. அந்தக் கட்டி ஏன் வந்தது என்பது 1980களில் விளங்கியது: பாப்பிலோமா வைரஸின் 18ஆம் வகை அந்த செல்களின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. அந்த வைரஸ் செய்யும் இரண்டு புரதங்கள், செல் பிரிவதற்குத் தடை போடும் காவல் புரதங்கள் இரண்டைச் செயலிழக்கச் செய்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுக்கு இந்த வைரஸ்களே காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹௌசெனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பெண்குழந்தைகளுக்கு இன்று போடப்படும் எச்பிவி தடுப்பூசி அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்ததுதான். தாயை எந்த வைரஸ் கொன்றதோ அதற்கு எதிரான ஊசி உலகத்துக்குக் கிடைத்த பிறகும் குடும்பம் தன் நியாயத்துக்காக அலைந்துகொண்டிருந்தது. வழக்குப் போட்ட குடும்பத்தோடு, அந்த செல்களை விற்றுவந்த தெர்மோ ஃபிஷர் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது 2023 ஆகஸ்டில். எழுபத்திரண்டு ஆண்டுகள்!

ஹூட்டுக்கு எதிரே மூன்று இன்குபேட்டர்கள். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கரியமில வாயு, அடித்தட்டில் ஒரு தட்டு தண்ணீர். ஊட்டத் திரவத்தில் சோடியம் பைகார்பனேட் இருக்கிறது; காற்றில் கரியமில வாயு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, நம் இரத்தத்தில் உள்ளது போன்ற அமில காரச் சமநிலையைத் திரவத்தில் காக்கின்றன. திரவம் சிவப்பாக இருப்பது ஃபீனால் ரெட் என்ற சாயத்தால். செல்கள் பெருகிக் கழிவு சேர்ந்தால் அமிலம் கூடி மஞ்சளாகிவிடும். வாயு தீர்ந்து காரம் கூடினால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. காலையில் கதவைத் திறந்ததும் நிறத்தைப் பார்த்தே யாருக்கு இன்று வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம்.

இந்தத் திரவத்தில் குளூக்கோஸ், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், உப்புகள் இருக்கின்றன. 1950களில் ஹாரி ஈகிள் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்து, எது இல்லாவிட்டால் செல் சாகிறது என்று பட்டியல் போட்டார். இன்றும் ஆய்வகங்களில் புழங்கும் பல திரவங்கள் அந்தப் பட்டியலிலிருந்து கிளைத்தவை. அதோடு சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு சீரம் சேர்க்கிறார்கள். சினைப்பசு இறைச்சிக்காக அறுக்கப்படும்போது, கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது அது. இதை எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. சீரம் இல்லாத திரவங்கள் பல வகை செல்களுக்கு வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இன்னும் வரவில்லை. வந்தவற்றுக்காவது மாறிக்கொள்வதுதான் முறை.

மூன்றாவது இன்குபேட்டர் மற்ற இரண்டுக்கும் எட்டாத மூலையில் தனியாக நின்றது. வெளியிலிருந்து வரும் செல்கள் முதலில் இதில்தான் தங்க வேண்டும். சோதனையில் தேறிய பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். "எதற்காகச் சோதனை?" என்றேன்.

"ரெண்டு கேள்வி மேடம். கூட யாராவது வந்திருக்காங்களா? வந்திருக்கறது சொன்ன ஆள்தானா?"

முதல் கேள்வி மைக்கோபிளாஸ்மாவைப் பற்றியது. பாக்டீரியாக்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. பூஞ்சையோ சாதாரண பாக்டீரியாவோ புகுந்தால் திரவம் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மைக்கோபிளாஸ்மா புகுந்தால் எதுவும் கலங்காது. அதற்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் பலிக்காது. திரவத்தைச் சுத்தம் செய்யும் 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்து போய்விடும். செல்லின் உணவைத் தின்று, அதன் வேதி வினைகளைத் திசைமாற்றும். ஆய்வாளரோ தன் மருந்தால் வந்த மாற்றம் என்று நம்பி மாதக்கணக்கில் அளந்து எழுதிக்கொண்டிருப்பார். இது பலமுறை வந்து சேர்வது மனிதர்களின் வாயிலிருந்துதான். ஹூட் முன்னால் பேசாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் அது. இருட்டறையில் மாணவி இரண்டு கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயம் இட்டவை. நல்ல தகட்டில் செல்லின் உட்கரு மட்டும் நீல நீள்வட்டமாகத் தெரிந்தது, சுற்றிலும் கருமை. கெட்ட தகட்டில் உட்கருவைச் சுற்றி நீலப் பொடி தூவியது போல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் அழையாமல் வந்த ஓர் உயிர்.

இரண்டாவது கேள்விதான் பெரிய கதை.

1966இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டு என்ற ஊரில் நடந்த செல் வளர்ப்பு மாநாட்டில் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் எழுந்து பேசினார். வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து, வெவ்வேறு உறுப்புகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட 18 வகை மனித செல்களை அவர் சோதித்திருந்தார். எல்லாவற்றிலும் ஜி6பிடி என்ற நொதியின் 'ஏ' வகையே இருந்தது. அந்த வகை ஏறக்குறைய ஆப்பிரிக்க வழிவந்தவர்களிடம் மட்டுமே காணப்படுவது. செல் கொடுத்தவர்களில் பலரோ வெள்ளையர்கள். ஹீலாவில் அந்த 'ஏ' வகை உண்டு. அவையெல்லாம் ஹீலாவாக மாறிவிட்டிருந்தன என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். கல்லீரல், குடல், குரல்வளை என்று பெயர் எழுதியிருந்த குடுவைகளுக்குள் ஹென்ரியட்டாவின் கருப்பைவாய்ச் செல்களே வளர்ந்துகொண்டிருந்தன.

இது நடக்க பெரிய தவறு எதுவும் தேவையில்லை. பொதுப் புட்டியில் நனைந்த ஒரு பிப்பெட் போதும், ஹூட்டுக்குள் தெறித்த கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். மற்ற செல்கள் மெதுவாகப் பிரிய, ஹீலா ஒரு நாளில் இரட்டிக்கும். சில வாரங்களில் குடுவை முழுவதும் அதன் வசமாகிவிடும். பெயர்ச்சீட்டு மட்டும் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். மாநாட்டில் கார்ட்லரைப் பலர் நம்பவில்லை. வால்டர் நெல்சன் ரீஸ் என்பவர் அடுத்த பல ஆண்டுகள் இதையே வேலையாக எடுத்துக்கொண்டு, எந்த ஆய்வகத்தின் எந்தச் செல் உண்மையில் ஹீலா என்று பெயர் சொல்லி வெளியிட்டார். சோவியத் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்கு அனுப்பிய புற்றுநோய் செல்களும் ஹீலாவாகவே இருந்ததைக் காட்டினார். அதற்காக அவர் சம்பாதித்த பகை கொஞ்சமல்ல. அறிவியலுக்கு அவர் செய்தது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த பலர் செய்ததைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

இன்று இதற்கென ஒரு சர்வதேசக் குழு பட்டியல் வைத்திருக்கிறது. பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்தாத செல் வகைகள் அதில் 500க்கும் மேல். மாணவி கணினியில் திறந்து காட்டினார். 'சாங் லிவர்', 'ஐஎன்டி 407', 'ஹெப் 2' என்று நீண்டது. எல்லாம் ஹீலா. 'சாங் லிவர்' பெயரில் கல்லீரல் ஆய்வு என்றும், 'ஐஎன்டி 407' பெயரில் குடல் ஆய்வு என்றும் அச்சான கட்டுரைகள் நூலகங்களில் இருக்கின்றன. பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்க, அதே செல்களை வைத்து அதே பெயரில் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன. இதற்குச் சாக்கு எதுவும் சொல்ல முடியாது.

ஹெப் 2 விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மூட்டுவலி, முகத்தில் தடிப்பு என்று போனால் மருத்துவர் ஏஎன்ஏ என்ற இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். பல பரிசோதனைக் கூடங்களில் அதற்குப் பயன்படுத்தும் தகட்டில் பதித்திருப்பது ஹெப் 2 செல்கள். அங்கே அது குரல்வளையா கருப்பைவாயா என்பது பொருட்டல்ல. உட்கரு பெரிதாக இருக்க வேண்டும், நோயாளியின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதில் போய் ஒட்ட வேண்டும், அவ்வளவே. அந்தச் சோதனை சரியாகவே வேலை செய்கிறது. ஆகவே அதைச் செய்துகொண்டவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இன்ன உறுப்பின் செல் என்று நம்பி முடிவு எடுக்கும் இடத்தில்தான் பெயர் உயிர்ப்பிரச்சினை ஆகிறது.

குற்றவியல் தடயத்துறை ஆளை அடையாளம் காணும் அதே முறையால்தான் இப்போது செல்லையும் அடையாளம் காண்கிறார்கள். டிஎன்ஏவில் சில இடங்களில் சிறு எழுத்துக்கோவைகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எஸ்டிஆர் சோதனை என்று பெயர். மாணவி கொண்டுவந்த அறிக்கையில் மேலெழுந்த கூர்முனைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முனையின் கீழும் ஓர் எண். ஏற்கெனவே பதிவான எண்களோடு 80 சதவீதமாவது ஒத்துப்போனால்தான் ஒரே ஆளின் செல் என்று ஏற்பார்கள். இங்கே வரும் பல செல்கள் புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்கியவை. பக்கத்து ஆய்வகத்து நண்பரிடம் ஒரு குடுவை கடன் வாங்கி வேலையைத் தொடங்கும் பழக்கத்தை இந்தப் பேராசிரியர் அடியோடு நிறுத்திவிட்டார்.

அடுத்து மாணவி காட்டியது வேறு மாதிரியான குடுவை. அதன் மேல் செல் வகையின் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு குறியெண். ஞானப்பல் பிடுங்கும்போது வெட்டியெறிய வேண்டியிருந்த ஈறுத் துணுக்கு, அந்த நோயாளியின் சம்மதத்தோடு இங்கே வந்தது. துணுக்கிலிருந்து ஊர்ந்து வெளிவந்த இணைப்புத்திசு செல்கள் மெலிந்து நீண்டு, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த நாற்றங்கால்போல் திசை பிடித்து நின்றன. ஹீலாவைப் பார்த்த கண்ணுக்கு இந்த ஒழுங்கே ஒரு நிம்மதி. ஹீலா ஒன்றன் மேல் ஒன்று ஏறும். இவை அடுத்த செல்லைத் தொட்டதும் நின்றுவிடும்.

இவற்றுக்கு ஆயுள் உண்டு. 1912இல் அலெக்சிஸ் கரேல் கோழிக்கரு இதயத்திலிருந்து தொடங்கிய செல் வளர்ப்பு 34 ஆண்டுகள் நீடித்ததாக அறிவித்து, செல்லுக்கு மரணமில்லை என்று உலகத்தை நம்பவைத்திருந்தார்கள். 1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அதைப் பொய்யாக்கினார்கள். பலமுறை பிரிந்து கிழடாகிவிட்ட ஆண் செல்களையும், இளமையான பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். தனியாக வைத்திருந்த ஆண் செல்கள் பிரிவதை நிறுத்திய காலத்தில் கலப்புக் குடுவையைத் திறந்து குரோமோசோம் பார்த்தார்கள். பெண் செல்கள் மட்டுமே இருந்தன. உணவோ கிருமியோ காரணமாக இருந்தால் இரண்டும் செத்திருக்கும். எண்ணிக்கை செல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 50 முறை பிரிந்தால் முடிந்தது. குரோமோசோம் முனையில் திரும்பத் திரும்ப வரும் ஆறெழுத்துக் கோவை, ஒவ்வொரு பிரிவிலும் தேய்ந்துகொண்டே வருவது பின்னாளில் தெரிந்தது. ஹீலாவில் தேய்ந்த முனையை மறுபடி கட்டும் டெலோமரேஸ் நொதி ஓயாமல் வேலை செய்கிறது. அதனால்தான் அதற்கு நிறுத்தம் இல்லை. குடுவையின் மேல் "எத்தனையாவது முறை" என்று எழுதுவது ஏன் என்பதும் இங்கே விளங்கிவிட்டது. ஈறு செல்லுக்கு அது வயது.

குரோமோசோம் பார்க்கும் மேசையில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். செல் பிரியும் நடுவழியில் அதை நிறுத்தினால்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். நிறுத்துவதற்கு ஒரு துளி கோல்செமிட் விடுகிறார்கள். கோல்கிசின் என்ற தாவர நஞ்சின் நெருங்கிய உறவு அது. கோல்கிசின் எங்கே கிடைக்கிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில், கிழங்கில். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப் பந்தலில் ஏற்றி, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டுவைத்து, விதையைக் கிலோ கணக்கில் விற்பது இந்த ஒரு வேதிப்பொருளுக்காகத்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் முளைக்கும். குழலுக்குச் செங்கல்லாக அமையும் டியூபுலின் புரதத்தைக் கோல்கிசின் போய்ப் பிடித்துக்கொள்கிறது. குழல் எழாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நடுவில் திரண்டு நிற்கும். கிழங்கைத் தின்றவரைக் கொல்வதும் இதே செயல்தான். கௌட் மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் மருந்தாவதும் இதிலிருந்துதான்.

அதன் பிறகு செல்லை உப்பு குறைந்த நீரில் போடுகிறார்கள். நீர் உள்ளே புகுந்து செல் உப்ப, நெருக்கமாகக் கிடந்த குரோமோசோம்கள் விலகுகின்றன. 1952இல் டெக்சஸில் டி. சி. ஷு என்ற ஆய்வாளர், யாரோ தவறாகக் கலந்துவைத்த நீர்த்த உப்புக் கரைசலால் இது நடந்ததைக் கவனித்தார். அதுவரை மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1923இல் தியோபிலஸ் பெயின்டர் எண்ணிச் சொன்ன கணக்கு அது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, சுவீடனின் லண்ட் நகரில் 1955 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில், கோல்கிசினையும் நீர்த்த கரைசலையும் சேர்த்துப் பயன்படுத்திய தகட்டைப் பார்த்து 46 என்று எண்ணினார். மறுபடி எண்ணினார், 46தான். மறு ஆண்டு ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு ஒன்று கூடுதலாக 47 இருப்பது தெரியவந்தது. அடிப்படை எண் தப்பாக இருந்தவரை அந்தக் கூடுதல் ஒன்றை யாராலும் பார்த்திருக்க முடியாது.

ஈறு செல்லின் தகட்டை மாணவி பொருத்த, நானும் எண்ணினேன். நிதானமாக, ஒவ்வொன்றாக. 46. பிறகு ஹீலாவின் தகடு. எண்ணத் தொடங்கி நடுவில் திணறினேன். ஹீலாவில் 76 முதல் 80 வரை இருக்கும் என்றார் மாணவி. மூன்று, நான்கு பிரதிகளாக வைத்துக்கொண்டு, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டிக்கொண்டு, எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்.

கடைசியாகக் கீழ்த்தளம். முழங்கை வரை தடித்த கையுறையும் முகக்கவசமும் அணிந்த பணியாளர் ஒருவர் நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் தூக்கினார். மாணவர்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள். நீண்ட அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, பனி படிந்த உயரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார். திரவத்தின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. செல்களை டிஎம்எஸ்ஓ கலந்த திரவத்தில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிரவைத்துப் பிறகுதான் இதில் இறக்க வேண்டும். வேகமாகக் குளிர்ந்தால் செல்லுக்குள் பனிக்கட்டி ஊசிகள் உண்டாகிக் கிழித்துவிடும். எடுக்கும்போது நேர்மாறு, 37 டிகிரி நீரில் போட்டுச் சட்டென்று உருக்க வேண்டும்.

"சாதா ஸ்டிக்கர் இந்தக் குளிர்ல உரிஞ்சு வந்துடும்மா," என்றார் அண்ணன். "அதான் இதுக்குன்னே வர்ற ஸ்டிக்கர். அப்படியும் எப்பவாவது ஒண்ணு பேரில்லாம மேல வரும்."

"வந்தால்?"

"புள்ளைங்க எழுதிவெச்சுட்டு எறிஞ்சுடுவாங்க. யாருன்னு தெரியாததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

குறியெண் இட்ட செல்களுக்கு உரியவர்கள் யார் என்ற விவரம் பேராசிரியரின் அறையில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. பெயரைக் காட்டவில்லை, காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. நிரப்பாத சம்மதப் படிவம் ஒன்றைப் பேராசிரியர் கொடுத்தார். தமிழில், இரண்டு பக்கம். எந்தத் திசு, எந்த ஆய்வுக்கு, இந்த ஆய்வுக்கு மட்டும்தானா அல்லது வருங்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாமா, உங்களைப் பாதிக்கும் முடிவு தெரிந்தால் தொடர்புகொள்ளலாமா என்று தனித்தனிக் கட்டங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் கேட்பது இதைத்தான்: கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும்; மறுத்தால் அவருடைய சிகிச்சையில் எந்தக் குறையும் வரக்கூடாது; கொடுத்த சம்மதத்தைப் பின்னர் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

இந்தப் படிவம் நன்றாகவே இருந்தது. எல்லா இடத்திலும் இப்படி இருப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்தில், கட்டாகப் பத்துத் தாளில் கையெழுத்து வாங்கும்போது, ஆய்வுக்கான தாளும் அதற்குள் கலந்துவிடுவதுண்டு. ஆய்வுக்கான சம்மதத்தைத் தனித் தாளில், தனி நேரத்தில், உட்கார்ந்து பேசி வாங்குவது மருத்துவமனைகளின் கடமை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெட்டி எடுத்த திசுவை ஆய்வுக்குக் கொடுக்கிறீர்களா என்று என்றாவது உங்களிடம் கேட்டால், தயங்காமல் கொடுங்கள். குடுவையில் வளரும் ஒவ்வொரு செல்லும் யாரோ ஒருவர் கொடுத்ததுதான், அது இல்லாமல் நாளைய மருந்து இல்லை. ஆனால் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, யாருக்கெல்லாம் அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரம் அதில்தான் இருக்கும்.